நான்காவது பயிற்சி நேர்காணல்

செப்டம்பர் 5, திங்கள். சேர்க்கை. படித்து முடிக்க வேண்டிய மொத்த நேரம்: 1,800 மணி.
டிசம்பர் 16, வெள்ளி. முடித்த வகுப்புகள்: 84 மணி.
ஜனவரி 27, வெள்ளி. பயிற்சி நேர்காணல்கள்: 3. மூன்றிலும் தேர்ச்சி.
பிப்ரவரி 7, செவ்வாய். நான்காவது பயிற்சி நேர்காணல்: 31 நிமிடம். மதிப்பெண் 27க்கு 18.
பிப்ரவரி 13, திங்கள். அந்த 18, 21 எனத் திருத்தப்பட்டது.

மேலே உள்ள எண்களுக்கு உரியவர் ஒரு பெண்மணி. வயது நாற்பத்தாறு. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருபத்தோரு ஆண்டு தொலைபேசி எடுத்தவர். குழாயில் காற்றுதான் வருகிறது என்பவர்கள், தண்ணீர் காவி நிறத்தில் வருகிறது என்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான் என்பவர்கள் என்று நாளொன்றுக்கு எழுபது பேர் வரை அவர் காதில் கொட்டித் தீர்ப்பார்கள். எல்லோருக்கும் ஒரே குரலில் ஒரு புகார் எண் கொடுப்பார்.

எழுபதில் ஒன்றிரண்டு பேர் தண்ணீருக்காகப் பேசவில்லை என்பது போகப் போக அவருக்குப் பிடிபட்டது. குழாய் ஒழுகுகிறது என்று தொடங்குவார்கள், வீட்டுக்காரி போய் எட்டு மாதம் ஆகிறது என்று முடிப்பார்கள். அவர்களுக்குக் கொடுக்க அவரிடம் எண் இல்லை. தபால் வழியில் எப்போதோ வாங்கிப் பெட்டியில் போட்டிருந்த உளவியல் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, மனநலமும் உளவியல் சிகிச்சைகளும் என்ற முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது. வேலையை விடாமலே சேர்ந்தார்.

வகுப்பில் இருபத்து மூன்று பேர். அவரை விட்டால் மற்றவர்களில் மூத்தவனுக்கு வயது இருபத்தொன்பது. முதல் பயிற்சி நேர்காணலின் முடிவில், எதிரே நோயாளியாக நடித்த பெண்ணிடம் பழக்க தோஷத்தில் "உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டோம், நன்றி" என்று சொல்லிவிட்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் புகார் அக்கா. சிரிக்காத ஒரே ஆள் மேற்பார்வையாளர். ஐம்பத்தெட்டு வயது அம்மையார், அதிகம் பேசாதவர். "பதிவு பண்றது நல்ல பழக்கம்தான்மா," என்றார். "கேட்டுட்டு அப்புறம் பதிவு பண்ணுங்க."

புகார் அக்காவின் கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பதினெட்டு ஆண்டு அதே வேலை. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அந்த பிரேக்தான் தன்னை இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கிறது என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் குரலைப் பிடித்துவிடுவார். கிளட்ச்சை மிதிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்ளும் கல்லூரி மாணவி, ஹாரன் அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கும் ஓய்வுபெற்ற நீதிபதி, எல்லோரும் சாப்பாட்டு மேசைக்கு வந்து போவார்கள். அக்காவின் பிறந்த வீட்டில் அவருக்கு மிமிக்ரி மாப்பிள்ளை என்றே பெயர். அவர் வந்துவிட்டால் அந்த வீட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார்கள்.

இனி அந்த நான்காவது நேர்காணல்.

பயிற்சி நேர்காணல் என்பது இப்படி. மாணவர் ஒருவர் சிகிச்சையாளராக உட்கார வேண்டும். இன்னொருவர் நோயாளியாக நடிக்க வேண்டும். நடிப்பவர் கையில் ஓர் அட்டை கொடுக்கப்படும். அந்த நோயாளியின் வயது, வேலை, துன்பம் எல்லாம் அதில் இருக்கும். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போட்டுவிட்டு, மீதி நேரம் உரையாட வேண்டும். முழுவதையும் ஒலிப்பதிவு செய்து, பேசிய சொல் ஒன்று விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். ஐந்து வினாடிக்கு மேற்பட்ட மௌனம் இருந்தால் எத்தனை வினாடி என்று அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும்.

அக்காவுக்கு நோயாளியாக நடிக்க இருந்தவன், பிசியோதெரபி படித்துவிட்டு வந்ததால் வகுப்பில் பிசியோ என்று அழைக்கப்பட்ட பையன். திங்கட்கிழமை அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். குடும்பத்தினரை நடிக்க வைக்கக் கூடாது என்பது கையேட்டின் பதினான்காம் விதி. அக்கா அதைச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். அடிக்கோடு போட்டவர்தான் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, வேலை முடிந்து வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்த கணவரிடம் போய் நின்றார்.

"என்னங்க, ஒரு அரை மணி நேரம் வேணும்."

"எதுக்கு?"

"நடிக்கணும்."

"சம்பளம் உண்டா?"

உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகள் குரல் கொடுத்தாள். "அப்பா, மேக்கப் போட வரட்டுமா?"

"உங்கப்பனுக்கு எதுக்குடி மேக்கப்? மூஞ்சியே மேக்கப்தான்," என்றார் கணவர்.

அட்டையில் இருந்தவர் முப்பத்து நான்கு வயது வங்கி ஊழியர். வெளியூருக்கு மாற்றல். தூக்கம் கொஞ்சம் குறைவு, பசி கொஞ்சம் குறைவு. மொத்த மதிப்பெண் ஒன்பதைத் தாண்டக் கூடாது. கணவர் அட்டையை இரண்டு முறை படித்தார். பிறகு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். மனப்பாடம் ஆகிவிட்டது போலும் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

நேர்காணல் நல்லபடியாகவே போனது. கணவர் எந்தக் குரலையும் எடுக்கவில்லை. தன் சொந்தக் குரலிலேயே, அதுவும் சற்றுத் தணிவாகப் பேசினார். மதிப்பெண் மளமளவென்று ஏறியபோது அக்கா ஒருமுறை கையை அசைத்து, "கொஞ்சம் குறைச்சுக்கோங்க, இவருக்கு லேசாத்தான்," என்று கிசுகிசுத்தார். "சரி," என்றார் அவர். முடிந்ததும் அக்கா, "அசத்திட்டீங்க போங்க," என்று அவர் தோளில் தட்டினார். மகள் வெளியே வந்து கைதட்டினாள். கணவர் எழுந்து தலை குனிந்து, மேடையில் நன்றி சொல்பவரைப் போல இரண்டு பக்கமும் கும்பிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேற்பார்வை அறை. இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை, சுவரில் ஒரு கடிகாரம். மேற்பார்வையாளர் கண்ணை மூடிக்கொண்டு ஒலிப்பதிவைக் கேட்பவர். அக்கா தட்டச்சு செய்த தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே பாராட்டு விழும் என்று வரி வரியாகப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். ஒன்பதாவது கேள்வி வந்தது. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததுண்டா என்ற கேள்வி.

பதிவில் கணவரின் குரல்: "அதுக்கு மூணு போட்டுக்கோ."

அக்காவின் குரல்: "அட்டைல பூஜ்யம்னு இருக்கே."

அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஏதோ வண்டி போகும் சத்தம் மட்டும். பிறகு கணவரின் குரல்: "அப்ப பூஜ்யம் போட்டுக்கோ."

மேற்பார்வையாளர் பதிவை நிறுத்தினார். பதினோரு நிமிடம் நாற்பது வினாடி. கண்ணைத் திறந்தார்.

"இது யாரும்மா?"

"நோயாளியா நடிச்சவர் மேடம்."

"அதான் யாரு?"

அக்காவுக்குக் காது சுட்டது. "எங்க வீட்டுக்காரர். பிசியோவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. எனக்குப் பதினாலாவது விதி தெரியும் மேடம், தப்புதான், ஆனா நடிப்புதானேன்னு..."

"விதி கிடக்கட்டும். இவர் நடிக்கறாரா?"

"சூப்பரா நடிப்பாரு மேடம். எங்க வீட்டுக் கல்யாணத்துல எல்லாம் அவர்தான்..."

"கேளுங்க. நடிக்கறவங்க அட்டையில இருக்கறதைப் பெருக்கிப் பெருக்கிச் சொல்லுவாங்க. இவர் அதுலேர்ந்து ஒண்ணுகூடச் சொல்லல. மாற்றல் வரல. வங்கி வரல. நாலாவது நிமிஷத்துல என்ன சொன்னார்? 'கால் பிரேக் மேலயே இருக்கு, எடுக்கவே தோண மாட்டேங்குது'ன்னார். வங்கியில ஏதும்மா பிரேக்?"

அக்கா மடியில் இருந்த தாளைப் பார்த்தார். அவரே தட்டச்சு செய்த வரி. பிரேக் என்ற சொல்லை அவர் கையாலேயே அடித்திருந்தார். இரண்டு முறை சரிபார்த்திருந்தார். அதற்குக் கீழே ஒன்பதாவது கேள்விக்கு எதிரில் இருந்தது: (19 வினாடி மௌனம். மிக இயல்பான நடிப்பு.)

அந்த வரியைப் படித்தபோது, யாரோ பின்மண்டையில் ஓங்கி அடித்தது போல இருந்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். வலி இல்லை, சத்தம் மட்டும். கடிகார முள் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது, அது என்ன மணி காட்டுகிறது என்பது தெரியவில்லை. மேற்பார்வையாளர் தன் பேனாவை எடுத்து, தாளின் அடியில் இருந்த 18 என்ற எண்ணை அடித்து 21 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

"வேலையில."

"போன் போடுங்க. எடுத்தார்னா நேர்ல போங்க. சுத்தி வளைக்காதீங்க, வகுப்புல கத்துக்கிட்ட மாதிரி நேராக் கேளுங்க. கேட்டுட்டுத் தனியா விடாதீங்க. இன்னிக்கே கிளினிக்ல இடம் நான் சொல்லி வைக்கறேன்."

நாலாவது முறை மணி அடித்தபோது கணவர் எடுத்தார். "வணக்கம், புகார்ப் பிரிவு. உங்க புகார் எண்ணைச் சொல்லுங்க," என்றது தொலைபேசி. அக்காவின் குரல்! மூச்சு விடும் இடம் வரை அப்படியே அக்காவின் குரல். ஆயிரம் முறை கேட்டுச் சிரித்த வேடிக்கைதான். அன்று அக்கா சிரிக்கவில்லை. இந்த மனிதரின் சொந்தக் குரலைத் தான் கடைசியாகக் கேட்டது அந்த ஒலிப்பதிவில்தான் என்று தோன்றியது.

"எங்க இருக்கீங்க?"

"ரெண்டாவது கியர்ல."

"விளையாடாதீங்க. எந்த ரோடு?"

மைதானத்தை ஒட்டிய அகலச் சாலையில் பயிற்சிக் கார் மெதுவாக வந்தது. ஓட்டியவர் ஒரு பல் மருத்துவர், வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். அக்கா கை காட்டி நிறுத்திப் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

"சார், இவங்க யாரு?" என்றார் பல் மருத்துவர்.

"மேலதிகாரி. எப்படிச் சொல்லிக் குடுக்கறேன்னு பாத்து ரிப்போர்ட் எழுத வந்திருக்காங்க."

"ஐயையோ," என்றார் மருத்துவர். அதன் பிறகு வண்டியை மூன்று முறை அணைத்துவிட்டார்.

"ஏன் டாக்டர் இவ்வளவு பயம்? உங்க நாற்காலியில வந்து வாயைத் திறக்கறவனைவிடவா?" என்றார் கணவர். மருத்துவர் சிரித்தார். அக்கா முன்பக்கம் எட்டிப் பார்த்தார். கணவரின் கால் பிரேக்கின் மேல் இருந்தது. சாலை காலியாக இருந்தபோதும் இருந்தது. வண்டி நின்ற பிறகும் இருந்தது. பாடம் முடியப் பதினான்கு நிமிடம் ஆனது. இறங்கும்போது மருத்துவர், "அடுத்த கிளாஸ் புதன்தானே சார்?" என்று கேட்டார். "புதன்தான்," என்றார் கணவர். புதன் என்று அவர் சொன்னதை அக்கா இறுகப் பிடித்துக்கொண்டார்.

கதவு மூடிக்கொண்டது. கணவர் திரும்பவில்லை. கண்ணாடியில் அவர் கண் மட்டும் தெரிந்தது.

அந்தக் கேள்வியை வகுப்பில் நாற்பது முறையாவது சொல்லிப் பழகியிருப்பார்கள். தப்பான எண்ணம், விபரீத முடிவு என்றெல்லாம் பூசி மெழுகக் கூடாது, வெறும் சொல்லாகக் கேட்க வேண்டும் என்பது பாடம். எங்கோ இருக்கும் ஒருவரிடம் கேட்பதற்காகப் பழகியது.

"செத்துப்போகணும்னு நினைச்சிருக்கீங்களா?"

"ரெக்கார்டு ஓடுதா?"

"இல்ல."

"அட்டை?"

"அட்டையும் இல்ல. ஒண்ணும் இல்லீங்க. நான்தான்."

பல் மருத்துவர் போட்ட இண்டிகேட்டர் இன்னும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. கணவர் கையை நீட்டி அதை அணைத்தார்.

"ஆமா," என்றார்.

"எத்தனை நாளா?"

"நாலு மாசம் இருக்கும்."

ஏன் என்று கேட்கக் கூடாது, அது குற்றம் சாட்டுவது போல ஆகும் என்பதும் பாடம்தான். அக்காவுக்கு அந்தப் பாடம் எல்லாம் எங்கே போனதோ. "ஏங்க? நாங்க என்ன பண்ணோம்?"

"யாரும் ஒண்ணும் பண்ணல. காரணம் தெரிஞ்சா அதைப் பிடிச்சு ரெண்டு அடி அடிச்சிருக்க மாட்டேனா? காலைல எந்திரிக்கறேன், பல்லு விளக்கறேன், அதுக்குள்ள நாள் முடிஞ்சுபோன மாதிரி இருக்கு." கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். "அன்னிக்கு மூணு போட்டுக்கோன்னேன். நீ அட்டையைப் பாத்தே."

அக்கா பின் இருக்கையிலிருந்து இறங்கி முன்கதவைத் திறந்து, ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவரின் கையைப் பிடித்துக்கொள்ள வேறு இடம் இல்லை.

கிளினிக்கில் மாலை நாலே காலுக்கு இடம். மருத்துவர் ஒருவர் பார்த்து மருந்து எழுதினார். சிகிச்சையாளர் இன்னோர் அறையில். இளைஞர், பிசியோவைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். அக்கா கூடவே உள்ளே போகப் பார்த்தார். "நீங்க வெளிய இருங்கம்மா," என்று அவர் கதவைச் சாத்தினார். இருபத்தோரு ஆண்டு ஊர்ப் புகாரையெல்லாம் கேட்டவர், தன் வீட்டுப் புகாரைக் கேட்க முடியாமல் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தபோது எழுந்து போய்க் கேட்டார்.

"எப்படி இருக்கார் தம்பி?"

"அவர்கிட்டயே கேளுங்கம்மா."

நாளைக்கு அக்காவே இன்னொருவரின் மனைவிக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். வகுப்பில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்.

செய்தியைக் கேட்டு அக்காவின் தம்பி ஓடி வந்தான். "யாருக்கு? மாமாவுக்கா? போன மாசம்கூட என்னை மாதிரியே பேசிக் காமிச்சாரே," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அன்று கைதட்டியவள் மகள். கொஞ்ச காலம் தந்தை வேடிக்கையாக எதைச் சொன்னாலும் சிரிக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். "ஏய், இது நிஜமாவே ஜோக்குடி," என்று அவர் சொன்ன பிறகுதான் சிரிப்பாள்.

கல்லூரிக் குழு அக்காவின் நான்காவது நேர்காணலைச் செல்லாது என்று அறிவித்தது. வகுப்புக்கு வரலாம், ஆனால் செப்டம்பர் வரை யாரையும் நேர்காணக் கூடாது. அக்கா மறுத்துப் பேசவில்லை.

கணவரின் சிகிச்சை பிப்ரவரி 20 முதல் திங்கள்தோறும் நடந்தது. மொத்தம் பதினாறு அமர்வு. ஜூன் 5 அன்று கடைசி. அக்கா பதினாறு முறையும் பெஞ்சில் உட்கார்ந்தார், ஒரு முறையும் உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமல். மார்ச் கடைசியில் கணவர் மறுபடி முழுத் தட்டு சாப்பிட்டார். மே மாதம் ஒருநாள், பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டதாகவும், ஓய்வுபெற்ற நீதிபதி உடனே ஒரு தபால் பெட்டியில் இடித்துவிட்டதாகவும் வந்து சொன்னார். ஆகஸ்டில் ஒரு மறுபார்வை. அதற்குப் பிறகு கிளினிக்கிலிருந்து சிகிச்சை நிறைவுக் கடிதம் அவர் பெயருக்குத் தபாலில் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் அதை நின்றபடியே படித்தார். மடித்தார். அக்காவின் தட்டுப் பக்கத்தில் வைத்தார்.

"படி."

"உங்களுக்கு வந்தது."

"அதான் நானே சொல்றேன், படி."

ஒன்றரைப் பக்கம். முதல் பக்கத்தில் மருந்து, அமர்வுகளின் எண்ணிக்கை, தொடக்கத்தில் 21, முடிவில் 4. அக்கா நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பினார். இரண்டாம் பக்கத்தின் மேல் வரிகள் இவை:

"பிப்ரவரி 9, வியாழக்கிழமை, உயிரை முடித்துக்கொள்வது என்று நாள் குறித்திருந்ததாகவும், இதை யாரிடமும் சொன்னதில்லை என்றும் மூன்றாவது அமர்வில் தெரிவித்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு மனைவியின் படிப்புக்காகக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு உண்மையான பதில்களைச் சொன்னதாகவும், நிஜமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருக்கிறேன் என்று பொய் சொல்லியிருப்பேன் என்றும் கூறினார்."

அக்கா தேதியை மறுபடி படித்தார். வியாழக்கிழமை. மேற்பார்வை அறையில் பதிவு நின்றதற்கு நாலு நாள் முன்பு. அந்த நாள் வந்து, போயும் விட்டிருக்கிறது. மைதானத்துச் சாலைக்கு அவர் ஓடியபோது அதெல்லாம் முடிந்த கதை.

அந்த வியாழக்கிழமை அக்கா அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டிருந்தார். காலையிலிருந்து இதே மேசையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்தார். மாலை ஆறு நாற்பதுக்குக் கணவர் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா பேசாதீர்கள் என்று கையை உயர்த்தினார். ஒன்பதாவது கேள்விக்குப் பின் வரும் மௌனத்தைக் கைக்கடிகாரத்தை வைத்து அளந்துகொண்டிருந்தார். முதல் முறை பதினெட்டு வந்தது, அடுத்த முறை இருபது. சரியான எண் வேண்டும் என்று நாலாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கணவர் சற்று நேரம் அங்கேயே நின்றார். பிறகு ஒரு டம்ளர் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அக்காவின் கை சோற்றில் அப்படியே இருந்தது.

"வியாழக்கிழமை என்ன ஆச்சு?" என்று கேட்டார். தன் குரலே யாருடையதோ போல இருந்தது.

கணவர் யோசித்தார். "ஆறு கிளாஸ் இருந்துச்சு," என்றார். "ஒருத்தனும் லீவு போடல." இன்னும் ஏதோ சொல்லப் போவது போல நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

அக்கா கேட்கவில்லை. அவர் பேசும் வரை காத்திருந்தார். கடிதம் இருவருக்கும் நடுவில் திறந்தபடி கிடந்தது. அது வந்து சேர்ந்த தேதி: ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை.